கீழ்ப்பகுதி கிடைக்கவில்லை

நூதனசாலை வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். மட்பாண்டத் துண்டை எப்படிக் கழுவுவது, கல்லில் ஊறிய உப்பை எப்படி எடுப்பது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, கருவி இருக்கிறது, என்னைவிடப் படித்தவர்களும் இருக்கிறார்கள்.

நான் எழுதப் போவது ஒரு கல்லைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த கதை. வைத்திருந்தவன் நான். கிரேக்கச் சிலைகளைக் கிரேக்கத்துக்கே கொடு என்று வெளிநாட்டில் மேசையைத் தட்டிக் கத்தியவனும் நான்தான். இரண்டையும் ஒரே வருடத்தில் செய்தேன். என் ஓய்வு விழாவில் பேசியவர்கள் எவரும் இதைச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டார்கள். மரியாதை என்று சொல்லி இந்தத் தொழிலில் மூடி வைத்தது போதும்.

யுத்த காலத்தில், தொண்ணூறாம் ஆண்டு, ஆயுத இயக்கம் மன்னார்ப் பக்கத்து முஸ்லிம்களைத் துப்பாக்கி முனையில் வீடு வாசலை விட்டுத் துரத்தியபோது, கடலால் வந்தவர்கள் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். நான் அப்போது புத்தளத்தில் எங்கள் சிறிய நூதனசாலையில் இளநிலை அலுவலர். புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவன். ஊரே பாண் ரொட்டியும் தேநீரும் தூக்கிக்கொண்டு கற்பிட்டியின் கண்டக்குழிக் கரைக்கு ஓடியபோது நானும் ஓடினேன். நாலு நாள் அங்கேயே நின்றேன். அந்த நாலு நாளும் நான் நல்ல மனிதனாய்த்தான் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் ஒரு படகில் இருந்து ஒரு மனிதர் இறங்கினார். மன்னார்க் கரையில் காட்டோரமாய் இருந்த ஓர் ஊரின் பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர். எல்லோரும் அவரை மோதினார் என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் குழந்தைகளையும் பைகளையும் இறக்கினார்கள். இவர் இன்னொருவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லை இறக்கினார். யாரோ என்னைக் காட்டிவிட்டிருக்கிறார்கள்.

"தம்பி, நீங்கதானே பழைய கல்லு, சட்டி எல்லாம் சேக்கிற ஒபிசர்?"

"ஓம் நானா. முதல்ல தேத்தண்ணியக் குடிங்க." மூத்த ஆண்களை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"தேத்தண்ணி பொறகு. இந்தக் கல்ல ஒரு இடத்தில வைக்கோணும். முகாமில வச்சா எங்கட ஆக்களே அடுப்புக்கல்லாக்கிடுவாங்க."

கல்லைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க அரபு எழுத்து. பள்ளியின் உள்சுவரில் பதித்திருந்த கல்லாம். அடிப்பக்கம் புதிதாய் உடைந்து வெள்ளையாய் இருந்தது.

"இதை எப்படி நானா கொண்டு வர விட்டாங்க?"

"நங்கூரக் கல்லு எண்டு சொன்னன். எழுத்துப் பக்கத்தக் கீழ போட்டு, கயித்தக் கட்டி, படகுட முன் அணியத்தில வச்சன். துவக்கு வச்சிருந்த ஒருத்தன் சிரிச்சான். பொம்புளையள்ட காதில கெடந்ததக் கழட்டினவனுக்குக் கல்லு தேவைப்படல்ல."

"அடி உடைஞ்சிருக்கே?"

"அலவாங்குக் கம்பியப் போட்டுக் கிண்டக்குள்ள ஒடஞ்சு போச்சு. அவசரம். கீழ்த்துண்டு சுவரிலயே நிக்கிது. அது எங்கயும் போகாது. திரும்பிப் போய் ஒட்டிக்குவம்."

இந்தக் கடைசிப் பேச்சை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன். மறந்தேன் என்று சொல்வதுகூடப் பொய். மறந்த மாதிரி நடந்தேன்.

பிறகு அவர் சொன்னார்: "இது அமானிதம் தம்பி. ஊருக்குப் போகக்குள்ள வந்து எடுப்பன்."

"எப்ப போவீங்க?"

"ஒரு மாசம். மிஞ்சினா நோன்புக்கு முதல்ல."

அமானிதம் என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம்பி ஒப்படைத்த பொருள். கேட்கும் நாளில் கேட்டவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீ யார், ஏன் கேட்கிறாய், எங்கே வைப்பாய் என்று கேட்க உரிமை கிடையாது.

கல்லை நூதனசாலைக்குக் கொண்டுபோனோம். மோதினாரும் கூட வந்தார். அன்று எனக்கு மேலே இருந்த பொறுப்பாளரிடம்தான் நான் தொழில் பழகினேன். பெயர் வேண்டாம், அவர் இப்போது இல்லை. பதிவேட்டைத் திறந்தார். பொருள் வந்த வழி என்று அதில் ஒரு கட்டம். அதில் எழுத மூன்று சொல்தான் அனுமதி. வாங்கியது, அகழ்ந்து எடுத்தது, அன்பளிப்பு.

"அமானிதம் எண்டு எழுதவா சேர்?" என்று கேட்டேன்.

"அப்படியொண்டு இல்ல. அன்பளிப்பு எண்டு போடு. ஆள் வந்து கேட்டாக் குடுத்து அனுப்புவம். ஒரு மாசக் கதைதானே?"

அவர் கள்ளமில்லாத மனிதர். அதனால்தான் அவர் சொன்னபடி கேட்டேன். கெட்டவன் சொல்லும் குறுக்கு வழியில் நமக்கு ஒரு சந்தேகம் இருக்கும். நல்ல மனிதர் சொல்லும் குறுக்கு வழியில் கண்ணை மூடிக்கொண்டு போவோம். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பளிப்பு என்று எழுதினேன். என் கையெழுத்து. மோதினார் பேனாவை வாங்கும்போது கேட்டார், "என்ன எழுதினீங்க தம்பி?"

"வழக்கமா எழுதுறதுதான் நானா."

அவர் வாசிக்காமல் ஒப்பமிட்டார். நாலு நாள் தன் பிள்ளைகளுக்குப் பாண் கொடுத்தவனை எந்த மனிதன் சந்தேகப்படுவான்?

ஒரு மாதம் இருபது வருடமாகியது. பொறுப்பாளர் மாற்றலாகிப் போனார். நான் அந்தக் கதிரைக்கு வந்தேன். இடையில் கொழும்பில் இருந்து வந்த ஓர் அறிஞர் கல்லை வாசித்தார். முத்துக் குளித்தவர்கள் ஒரு நாள் பங்கைக் கொடுத்துக் கட்டிய பள்ளி என்று அதில் இருந்தது. எங்கள் நூதனசாலையில் அதுவரை உடைந்த சட்டியும் ஒல்லாந்தர் காலத்து ஆணியும்தான் இருந்தன. இந்தக் கல்லுக்காக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கண்ணாடிப் பெட்டி வந்தது, மேலே ஒரு விளக்கும் வந்தது. விளக்க அட்டையை நான்தான் எழுதினேன். கடைசி வரி: "கீழ்ப்பகுதி கிடைக்கவில்லை."

கிடைக்கவில்லையாம். தேடினால்தானே கிடைக்கும்? எங்கே இருக்கிறது என்று எனக்குக் கரையிலேயே சொல்லப்பட்டது. ஆனால் அப்படி எழுதினால்தான் அது முற்றிலும் எங்கள் கல் போல இருந்தது.

யுத்தம் முடிந்த பிறகு என்னை ஆறு வாரப் பயிற்சிக்கு ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பல நாட்டு நூதனசாலைக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒரு நாள் முழுவதும் கிரேக்கச் சிலைகளின் விவகாரம். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏதென்ஸ் மலைக்கோயிலின் சிலைகளை இருநூறு வருடத்துக்கு முன் ஆங்கிலேயத் தூதர் ஒருவர் பெயர்த்துக்கொண்டு போனார். அப்போது கிரேக்கம் துருக்கியரின் கீழ் இருந்தது. துருக்கியரிடம் அனுமதி வாங்கினேன் என்றார். அந்த அனுமதியின் மூலப் பத்திரம் கையில் இல்லை, இத்தாலிய மொழிபெயர்ப்பு ஒன்றுதான் இருக்கிறது. சிலைகள் இன்றும் லண்டனில் இருக்கின்றன. கிரேக்கர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

எங்களை இரண்டு பக்கமாய்ப் பிரித்து வாதாடச் சொன்னார்கள். நான் கிரேக்கப் பக்கம். எதிர்ப்பக்கம் மூன்று நியாயம் சொன்னது. முறைப்படி பெற்றோம், பத்திரம் இருக்கிறது. நாங்கள் எடுத்திராவிட்டால் அழிந்திருக்கும். இங்கே இருந்தால் உலகமே வந்து பார்க்கும்.

நான் எழுந்தேன். என் ஆங்கிலம் கரடுமுரடு, குரல் அதைவிட. "உன் வீடு பற்றி எரியும்போது உன் பிள்ளையைத் தூக்கி ஓடினேன். நெருப்பு அணைந்துவிட்டது. பிள்ளையைக் கேட்டு வாசலில் நிற்கிறாய். நான் உன் பிள்ளைக்கு நல்ல சட்டை போட்டிருக்கிறேன், உன் வீட்டில் கூரை இல்லை, போ என்கிறேன். நான் காப்பாற்றியவனா, பிள்ளை பிடிப்பவனா?" என்று கேட்டேன். ஒரு சிலையின் தலை ஒரு நாட்டிலும் உடம்பு இன்னொரு நாட்டிலும் இருப்பதைத் திரையில் காட்டி, "இதை ஒட்டிப் பார்க்கத் தோன்றாதவனுக்கு இந்தத் தொழில் எதற்கு?" என்று மேசையைத் தட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். எதிர்ப்பக்கமும் கைதட்டியது.

இடைவேளையில் எங்கள் குழுவில் இருந்த கிரேக்கப் பெண் கோப்பியோடு வந்தாள். மலையடிவாரத்தில் அவர்கள் கட்டியிருக்கும் நூதனசாலையின் படத்தைக் காட்டினாள். தங்களிடம் உள்ள பழுப்புக் கற்களை வரிசையில் வைத்து, லண்டனில் இருப்பவற்றின் இடத்தில் வெள்ளைச் சாந்தில் செய்த பிரதிகளை வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் தூரத்திலேயே தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் அப்படி வைத்தார்களாம். பிறகு சாதாரணமாய்க் கேட்டாள்.

"உங்கள் களஞ்சியத்தில் வேறு யாருடையதாவது இருக்கிறதா?"

"இல்லை" என்றேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

ஊருக்கு வந்தேன். கைதட்டல் காதில் இருந்து போகவில்லை. புத்தளத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அதே பேச்சைத் தமிழில் பேசினேன். பிள்ளை, நெருப்பு, கூரை எல்லாம். இடம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பாடசாலை அது. பெற்றோரும் பின்வரிசைகளில் இருந்தார்கள். அங்கேயும் நல்ல கைதட்டல்.

அடுத்த வாரம், ஒரு புதன்கிழமை, மோதினார் வந்தார். இளைத்துப் போயிருந்தார். கூடவே மகள் ராவியா. கற்பிட்டியில் கருவாடு வாங்கி விற்பவள், நாற்பது வயது இருக்கும், நல்ல வாய். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்ற மோதினார் இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்தார். எங்கள் காவலாளி சிங்களத்தில், "அத்த தியன்ன எப்பா, சீயா" என்றான். கை வைக்க வேண்டாமாம். அவன் தன் வேலையைத்தான் செய்தான். மோதினார் குற்றம் செய்தவர் போலக் கையை எடுத்துக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

என் அறையில் உட்கார வைத்தேன். ராவியா ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினாள். பற்றைக்காட்டுக்குள் ஒரு சுவரின் அடி. அதில் ஒரு கல்லின் கீழ்த்துண்டு. அதில் ஒரே ஒரு வரி.

"எங்கட பள்ளிட அத்திவாரம் சேர். இருவது வருசத்துக் காடு. மூணு நாள் வெட்டித்தான் கண்டுபிடிச்சம். இந்த வரி எங்கட ஊர்ட பேரு."

விஷயம் இதுதான். ஊருக்குத் திரும்ப வழி திறந்திருந்தது. ஆனால் ஊரே காடாய்க் கிடந்தது. எது ஊர், எது காடு என்று எல்லை போட நில அளவைக்காரர்கள் வருகிற திங்கட்கிழமை வருகிறார்கள். பள்ளி இருந்த இடம் நிரூபிக்கப்பட்டால் அதுவும் அதன் பின்னால் ஊரின் முன்னோரை அடக்கிய மையவாடியும் ஊருக்குள் வரும். காகிதம் எல்லாம் தொண்ணூறிலேயே போய்விட்டது. கீழ்த்துண்டில் ஊர்ப் பெயர் மட்டும்தான் இருந்தது. அது எந்தக் கல்லின் துண்டாகவும் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்களாம். பள்ளி என்ற சொல் மேல்துண்டில் இருந்தது. மேல்துண்டு என் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது.

"நீங்க பேசினத மண்டபத்தில கேட்டன் சேர்" என்றாள் ராவியா. "வீட்ட போய் வாப்பாட்டச் சொன்னன், இந்த சேர் தெரியாத ஊர்க்காரனுக்கே இப்படிக் கதைக்கிறார், நம்மட கல்லக் கேட்டா அண்டைக்கே தருவார் எண்டு."

மோதினார் சிரித்தார். "நான் அதுக்கு முதலே சொன்னன் தம்பி, நீங்க தருவீங்க எண்டு. இவதான் பேச்சக் கேட்டுத்தான் நம்பினா."

இப்போது நான் என்ன நிலையில் இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பொறுப்பாளர் தன் கையொப்பத்தில் ஒரு பொருளை ஏழு நாளுக்கு வெளியே அனுப்பலாம். கண்காட்சிகளுக்காக அந்த விதி இருந்தது. ஏழு நாள் போதும். திங்கட்கிழமை கொண்டுபோய் ஒட்டிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டு வந்திருக்கலாம். ஆனால் ஊர்க்காரர் கேட்டு அனுப்பினேன் என்று எழுதினால் ஏன் கேட்டார்கள் என்று மேலே கேட்பார்கள். அமானிதம் என்று தெரியவரும். அமானிதத்தை அன்பளிப்பு என்று எழுதியது யார் என்று பதிவேட்டைத் திறப்பார்கள். அட்டையில் பொய் எழுதியது யார் என்று கேட்பார்கள். என்னைத் தடுத்தது அது ஒன்றுதான். சட்டமும் இல்லை, கல்லின் பாதுகாப்பும் இல்லை.

பயந்தவன் உண்மையைச் சொல்லமாட்டான். நியாயம் சொல்வான். நானும் சொன்னேன்.

"நானா, இது அன்பளிப்பா வந்த பொருள். பதிவேட்டில உங்கட ஒப்பம் இருக்கு."

மோதினாருக்கு விளங்கவில்லை. "என்ன ஒப்பம்?"

"அங்க கூரையும் இல்ல. கடல் காத்து. ஒரு மழைக்குத் தாங்காது. இங்க எண்டா எத்தனை பாடசாலைப் பிள்ளையள் வந்து பாக்குது!"

ராவியா ஃபோனை மடியில் வைத்தாள். "மண்டபத்தில நீங்க லண்டன்காரன் சொல்ற கதை எண்டு சொன்னீங்களே, மூணு கதை. இது அதே மூணும்தானே சேர்?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

எனக்குக் கோபம் வந்தது. "எழுத்தில கேளுங்க. கொழும்புக்கு அனுப்புறன். பதில் வந்தாப் பாப்பம்."

"திங்கக்கிழம வாறாங்க. கொழும்புக் கடிதம் எப்ப வரும்?"

"அது எனக்குத் தெரியாது."

"நாலஞ்சு மாசத்துக்கு முதல்ல கண்டக்குழியில ஹோட்டல் திறக்கக்குள்ள இங்கருந்து சாடி ஒண்டு போச்சே. மூணு நாள் வாசல்ல வச்சிருந்தாங்க. நான் கருவாடு குடுக்கப் போகக்குள்ள கண்டன். அதுவும் எழுத்தில கேட்டா எடுத்தாங்க?"

உண்மை. ஒரு பெரிய மனிதர் ஃபோனில் கேட்டார். அரை மணி நேரத்தில் என் கையொப்பத்தில் அனுப்பினேன். அகப்பட்டுக்கொண்டேன் என்று தெரிந்ததும் என் வாயில் இருந்து வந்ததை இப்போது எழுதுகிறேன். எங்கள் ஊரில் எவரும் சொல்லாத வார்த்தை அல்ல அது. புத்தளத்தில் எங்கள் ஆட்கள் சிலர் தேநீர்க் கடையில் சொல்லுவார்கள். நான் சொல்வதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, இவ்வளவு காலமும் உங்கள வச்சுக் காப்பாத்தினது இந்த ஊர். அத நெனச்சுக் கதைங்க."

ராவியா எழுந்தாள்.

"ஓம் சேர். பாண் தந்தீங்க, மறக்கல்ல. அந்தப் பாணுக்குத்தான் கல்ல எடுத்துக்கிட்டீங்க எண்டு வாப்பாக்கு இண்டைக்குத்தான் விளங்குது."

மோதினார் அவள் கையைப் பிடித்து, "விடு புள்ள, அவருக்கும் மேல ஆள் இரிக்கி" என்றார். என்னிடம், "கோவிக்க வேணாம் தம்பி. அவ வாய்க்காரி" என்றார். போகும்போது இன்னொரு தரம் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றார். இந்தத் தடவை கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். காவலாளி அதைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நாலு நாள் இருந்தது எனக்கு. கண்டக்குழிக் கரையிலும் நாலு நாள்தான். ஞாயிறன்று சாவியை எடுத்துக்கொண்டு நூதனசாலைக்குப் போனேன். கல்லின் முன்னால் கதிரையைப் போட்டு ஒரு மணி நேரம் இருந்தேன். மன்னாருக்குப் போகும் எலுவன்குளம் பாதையால் போனால் அன்று பின்னேரமே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம். நாளைக்குப் பார்ப்போம் என்று பூட்டிவிட்டு வந்தேன். நாளைதான் திங்கட்கிழமை. நெருக்கடியில் தவறான முடிவு எடுப்பவனைக்கூட மன்னிக்கலாம். கதிரையில் உட்கார்ந்துகொண்டு நெருக்கடி கடந்து போகும்வரை பார்த்திருப்பவனை என்ன செய்வது? நம் தொழிலில் அந்த வகைதான் அதிகம்.

அளவைக்காரர்கள் வந்தார்கள், கேட்டார்கள், கையில் ஒன்றும் இல்லை. பள்ளியின் அத்திவாரமும் மையவாடியும் அரசுக் காட்டு எல்லைக்குள் போயின. ஊருக்குக் கிடைத்த நிலம் அங்கிருந்து முக்கால் மைல் தள்ளி, பாதையோரம்.

இது எனக்கு உடனே தெரியவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து மோதினார் மௌத்தாகிவிட்டார் என்று கேள்விப்பட்டு ஜனாஸாவுக்குப் போனபோதுதான் தெரிந்தது. புத்தளத்து மையவாடியில் அடக்கினார்கள். தன் உம்மா, வாப்பா பக்கத்தில் அடக்க வேண்டும் என்று கேட்டிருந்தாராம். அங்கே இப்போது மண்வெட்டி போட அனுமதி இல்லை. ஒரு முதியவர் இதை எனக்குச் சாதாரணமாய்ச் சொன்னார், நான் யார் என்று தெரியாமல். எல்லோருடனும் நானும் மூன்று பிடி மண் போட்டேன். போட்ட கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாய் இருந்தது.

அடுத்த நாள் பதிவேட்டைத் திறந்தேன். என் கையெழுத்து, அவர் ஒப்பம். மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். இந்தப் பொருள் அன்பளிப்பு அல்ல, நம்பி ஒப்படைத்தது. தெரிந்துகொண்டே தவறாய் எழுதியவன் நான். கீழ்ப்பகுதி இருக்குமிடம் எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். திருப்பிக் கொடுக்க அனுமதி வேண்டும்.

பதில் வர நீண்ட காலம் எடுத்தது. வந்தபோது உறைக்குள் இரண்டு தாள். ஒன்று அனுமதி. மற்றது எனக்குக் கண்டனக் கடிதம். அரைப் பக்கம். இனி இப்படி நடக்கக்கூடாது என்று இருந்தது. அவ்வளவுதான். அந்த அரைப் பக்கத்துக்குப் பயந்துதான் ஒரு மனிதருக்கு ஆறடி மண்ணை இல்லாமல் ஆக்கினேன். கடிதத்தை வாசித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மேசையில் தலையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஊருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, கல்லை லொறியில் வைக்கோல் போட்டு ஏற்றினோம். காவலாளி தானாகவே கூட வந்தான். எலுவன்குளம் தாண்டிக் காட்டுப் பாதையால் போனோம். புது ஊரில் பத்துப் பன்னிரண்டு வீடு, தகரம் போட்ட புதுப் பள்ளி. ராவியா புத்தளத்து வீட்டை விட்டுவிட்டு அங்கே வந்திருந்தாள். வீட்டு முன்னால் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டு எழுந்திருக்கவில்லை. லொறியில் இருந்து கல் இறங்கிய பிறகுதான் எழுந்தாள்.

"எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பள்ளிச் சுவரில. கீழ ஒரு முழம் வெறுமையா விட்டிரிக்கி."

போய்ப் பார்த்தேன். சாந்து பூசிய சுவரில் ஒரு குழி. மேல்பாதி என் கல்லின் அளவு. கீழ்ப்பாதி சும்மா. அந்தக் கிரேக்கப் பெண் காட்டிய படம் நினைவுக்கு வந்தது. அவர்கள் பிரதியாவது வைத்தார்கள். இங்கே அதுவும் இல்லை.

உள்ளே போய் ஒரு கொப்பி கொண்டு வந்து நீட்டினாள். பள்ளியின் கொப்பி. "பொருள் வந்தா எழுதோணும் சேர். நீங்களே எழுதுங்க. எப்படி வந்த எண்டும் எழுதுங்க."

திருப்பிக் கொடுக்கப்பட்டது என்று எழுதத் தொடங்கினேன். நிறுத்திவிட்டு வெட்டினேன். அமானிதம், காலம் தப்பி வந்தது என்று எழுதி ஒப்பமிட்டேன். அவள் அதை வாங்கி எழுத்தெழுத்தாய் வாசித்தாள். தன் வாப்பா வாசிக்காததை அவள் வாசித்தாள். பிறகு கொப்பியை மூடினாள். நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்த்தேன் என்பதுதான் வெட்கம்.

ஆனால் தேநீர் தந்தாள். காவலாளிக்கும் தந்து, "சீனி போதுமா தம்பி?" என்று சிங்களத்தில் கேட்டாள். குடித்து முடித்துவிட்டு, இருந்த தைரியத்தை எல்லாம் சேர்த்துக் கேட்டேன்.

"தங்கச்சி, அந்தக் கீழ்த்துண்டு. ஒருக்காப் பாக்கலாமா? எடுத்துக்கொண்டு வந்தா ஒட்டித் தருவன். எனக்குத் தெரிஞ்ச வேலை அதுதான்."

கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"அது காட்டு எல்லைக்குள்ள சேர். எழுத்தில கேளுங்க."

காட்டு இலாகாவிடம் எழுத்தில் கேட்டேன். ஓய்வு பெறும்வரை கேட்டேன், இப்போதும் ஒவ்வொரு நோன்புக்கு முன்னும் ஒரு கடிதம் போடுகிறேன். இன்னும் பதில் இல்லை. நீங்கள் நாளைக்கு வேலைக்குப் போனதும் பதிவேட்டில் அன்பளிப்பு என்று எழுதியிருக்கும் இடங்களைத் தேடுங்கள். பக்கத்தில் உள்ள ஒப்பத்தைப் பாருங்கள். அவர் வாசித்துவிட்டுத்தான் போட்டாரா என்று கேட்டுப் பாருங்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே.